ஒன்றுக்கும் உதவாத சாமான்கள்

கடிகாரம் வேண்டாம் என்றாள் சீதேவி. அது ஓடும்.

முனாப் காத்தான்குடியில் பன்னிரண்டு வருடமாக அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவர். கலவரத்தில் கடையைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டி எல்லாம் பார்த்தவர். ஓடாத கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடித்தவர்கள் பலர். ஓடுகிறது என்பதற்காக வேண்டாமென்றவள் இவள் ஒருத்திதான்.

"பற்றறிக்குப் பயப்படுறீங்களா தங்கச்சி?"

வாவிக்கு அந்தப் பக்கம், அவள் இருக்கும் படுவான்கரைக்குப் பற்றறி கொண்டுபோக ஆமிக்காரன் விடமாட்டான். அதுதான் காரணம் என்று நினைத்து, முனாப் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பற்றறியைக் கழற்றினார். "இப்ப ஓடாது. சும்மா சுவரில தொங்கும்."

"ஆராவது போட்டா ஓடுமே காக்கா" என்றாள், அண்ணனை அழைப்பதுபோல.

முனாப் அதைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

சீதேவியின் புருசன் யோகராசா கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று, வள்ளத்தில் சொல்லிக்கொண்டு வந்ததையே மறுபடியும் சொன்னார்.

"கூரை ஒழுகுது புள்ள. மாரி வருது. நாலு தகரமாவது வாங்குவம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ஆமிக்காரர் வள்ளத்துறையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் கையிலிருக்கும் காசு முழுவதும் முடிந்துவிட வேண்டும். தகரமாகவோ அரிசியாகவோ அதில் ஒரு சதம்கூட அவள் வீட்டில் யாருக்கும் உதவிவிடக் கூடாது.

ஒவ்வொரு சாமானையும் தூக்கி ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இதால என்ன செய்யலாம்?"

வாங்குகிறவருக்கு லாபம் காட்டித்தான் முனாப்புக்குப் பழக்கம். பாசிமணித் திரையை விரித்துக் காட்டி, வாசலில் தொங்கவிட்டால் ஈ, இலையான் உள்ளே வராது என்றார். அவள் அதைத் தள்ளி வைத்தாள். பூச்சாடியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்றார். அதுவும் போயிற்று. பீங்கான் யானையின் முதுகில் காசு போடுகிற ஓட்டையைக் காட்டியபோது அவள் முகமே கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் முனாப்புக்குப் பிடிபட்டது.

"இது கண்ணாடி அன்னம். ஒண்டுக்கும் உதவாது தங்கச்சி. சும்மா வெச்சிப் பாக்கிறதுதான்."

"ரெண்டு தாங்க."

அதன்பின் வியாபாரம் விறுவிறுவென்று நடந்தது. பீங்கான் மான் ஒரு சோடி. பிளாஸ்டிக் கொடிமுந்திரிகைக் குலை மூன்று. கம்பியில் ஒட்டிய துணி ரோசாக்கள். வெள்ளைத் தாஜ்மஹாலை எடுத்த முனாப், உள்ளே பல்பு எரியும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, பல்பை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சீதேவி இதை ஒரு கிழமை கண்மூடாமல் யோசித்து முடிவெடுத்திருந்தாள். நகை வாங்கினால் மாதம் முடிய முன்னர் அடகுக்குப் போய்ச் சோறாகிவிடும். வங்கியில் போட்டாலோ காசு குட்டி போடும். அது சோற்றைவிடக் கேவலம். கண்ணாடி அன்னத்தை எவனும் அடகு பிடிக்கமாட்டான். தின்னவும் முடியாது, தேயவும் தேயாது. வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும்.

"மகளுக்கு வீடு குடுக்கப் போறீங்களாக்கும்" என்றார் முனாப், கடுதாசியில் சுற்றிக்கொண்டே. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். கலியாணத்துக்கு முன்னர்தான் தாய்மார் இப்படிக் கடையைக் காலியாக்குவார்கள்.

"மகள் இல்ல. மகன் ஒருத்தன்தான். அவன்ட காசு இது."

"சவூதியா?"

அவள் சுற்றி முடிந்த பொதியைத் தன் பக்கம் இழுத்தாள். "வந்து கேட்டா எடுத்துக் காட்டணும் காக்கா. ஒரு சதமும் குறையாம."

"குடுத்து வெச்ச தாய். என்ட மகன் ரியாதுக்குப் போய் ரெண்டு வருசம். ஒரு அத்தர்ப் போத்தல்தான் வந்த. அதுவும் அரைவாசி."

யோகராசா வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் கொஞ்சக் காசு மிஞ்சியது. தட்டில் வெறும் அழகுக்கென்று எதுவும் மிச்சமில்லை. முனாப் சுற்றிவரப் பார்த்தார். வாசலில் நிற்பவரின் விரல்களில் இருந்த வலை வெட்டுத் தழும்புகளைக் கண்டார். மேசை லாச்சியைத் திறந்து நைலோன் நூல் கட்டை ஒன்றை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"மீதிக்கு இது சரி. வலை பொத்தலாம்."

நல்ல நூல். யோகராசா அதைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். வீட்டில் கிழிந்து கிடக்கும் வலைக்கு அதேதான் வேண்டும். சீதேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகராசா அப்போதுதான் கடைக்குள் வந்தார். நூலை மேசையில் வைத்தார். மூலையில், விற்பதற்கென்று இல்லாமல் தூசி பிடித்துக் கிடந்த பிளாஸ்டிக் கிளி ஒன்றைத் தூக்கினார். அதற்குச் சொண்டு உடைந்திருந்தது. ஒரு சிறகும் இல்லை.

"இதால ஒண்டுமே செய்ய ஏலா" என்றார்.

சீதேவி கிளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதையும் சுற்றும்படி முனாப்பிடம் கொடுத்தாள்.

மகனை ஆமிச் சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று வருடம். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை. இறந்துவிட்டான் என்று எழுதிய தாளில் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள்.

சீதேவி பேனையைத் தொடவில்லை.

போட்டது யோகராசா.