நெகட்டிவ்

ரூபாவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

மின்னி பே பகுதியிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். வெளியே அவள் கணவன் ராஜவேல் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

கவுண்டரில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அங்கே ப்ரியங்கா என்று ஒரு பெண், வேலைக்குப் புதுசு. கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை. ரூபாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நெகட்டிவ்தான் தீதி. டென்ஷன் ஆகாதீங்க, அடுத்த தடவை பக்கா நல்ல சேதி வரும்."

ரூபா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாளைக்கூட வாங்காமல் வெளியே ஓடினாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே ராஜவேலுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த அழுக்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாம்பூஃப்ளாட் வீட்டில் காத்திருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டான். ரூபா போனைப் பிடுங்கி, "அத்தை, ஒண்ணுமே இல்லையாம்" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அன்னம்மாள் "முருகா, முருகா" என்றது தெருவில் போனவர்களுக்கே கேட்டது.

ப்ரியங்கா தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து விழித்தபடி நின்றாள்.

"போன வருஷம் எனக்குக் கரு கலைஞ்சிடுச்சும்மா. கலைஞ்சு மாசக்கணக்கு ஆனபிறகும் டெஸ்ட்ல கர்ப்பம்னே காட்டிச்சு. குழந்தை இல்ல, கேன்சர். கர்ப்பப்பையில வர்றது, ரொம்ப அபூர்வமாம்" என்றாள் ரூபா.

அவளுக்கு இருமலில் ரத்தம் வந்தபோது எல்லோரும் காசநோய் என்றார்கள். கரு கலைந்ததை விசாரித்து, இந்தப் பரிசோதனையை எடுக்கச் சொன்னவர் டாக்டர் அகிலா ஒருவர்தான். நுரையீரல்வரை பரவியிருந்தது. ஆனாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் என்று அவர் அடித்துச் சொன்னதை நம்பி, தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லாண்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஊசி ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தாள் ரூபா. மருந்தை நிறுத்தியபின் எடுத்த முதல் பரிசோதனை இது.

ப்ரியங்காவின் கண்கள் கலங்கிவிட்டன.

ரூபா தாளை வாங்கிக்கொண்டாள்.

"இனி மாசாமாசம் வருவேன். நீ இதையேதான் சொல்லணும். மூஞ்சியத் தொங்கப்போடாம."