திங்கட்கிழமை அழைப்பு

மனிதத் துயரத்துக்கு முடிவு கண்ட முதல் ஊர் கோயம்புத்தூர்தான் என்று அன்பழகன் மனதார நம்பினான். அமெரிக்க நகரம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களின் துப்புத் துலங்காத வழக்குகள், அந்நகரப் போலீசுக்காக போன் அழைப்புகளை எடுக்கும் அவன் அலுவலகத்தில்தான் முடித்துவைக்கப்பட்டன. ஒரு திங்கட்கிழமை வீட்டார் போன் செய்யத் தவறினால் போதும், கோப்பு தானாக அழிந்துவிடும்.

"ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும். இருந்தும் வாராவாரம் கூப்படறாங்க பாருங்க, இந்த அம்மாக்க!" என்று சிரிப்பான்.

"லைன்ல ஆள் இருக்குதுங்க, எடுங்க," என்பாள் பக்கத்து இருக்கை ரெஜினா.

அந்த நகரத்தில் படித்த அவன் தம்பி இன்பனை மார்ச்சில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த திங்களன்று அன்பழகன் அலுவலக மாடிப்படியில் நின்று, வீட்டார் கூப்பிடும் அந்த எண்ணை அழைத்தான். ரெஜினாதான் எடுத்தாள். அவன் குரல் அவளுக்குத் தெரிந்தது. இருந்தும், எல்லா வீட்டாருக்கும் சொல்லச் சொல்லி அலுவலகம் எழுதிக்கொடுத்ததையே வாசித்தாள்.

"விசாரணை நல்லபடியா போயிட்டிருக்குதுங்க."

"ரொம்ப நன்றிங்க," என்றான். "அடுத்த வாரம் கூப்படறேன்."