சுறா எத்தனை முழம்?

சிராங்கூன் சாலைப் பள்ளியில் குணமணி டீச்சர் மீன்களை வைத்து அளவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் காத்தாயி ஒரு தப்புச் சொன்னாலும் படிப்பை நிறுத்திவிடுவதென்று மீன்காரன் சன்னாசி வாசலில் நின்றான்.

“நெத்திலி?”

“ஒரு விரல்!” என்றாள் காத்தாயி.

“கணவாய்?”

“ஒரு சாண்!”

“நேற்று அப்பா கொண்டுவந்த சுறா?”

“ஆறு முழம்!”

சன்னாசி சிரித்தான். “நாலுதான் டீச்சரம்மா, நானே அளந்தேன். இவளுக்குப் படிப்பு ஏறாது. வீட்டுக்கே அனுப்பிடுங்க.”

“நானும்தான் அளந்தேன்ப்பா.”

“ரெண்டு பேரும் கையை நீட்டுங்கோ,” என்றாள் குணமணி.

முழங்கைகளைச் சேர்த்து வைத்தார்கள். மகளின் விரல்நுனி அப்பாவின் உள்ளங்கையோடு நின்றுவிட்டது.

“உங்கட நாலு முழமும் இவளின்ட ஆறு முழமும் ஒரே நீளம்தான்.”

சன்னாசி நீட்டிய கையை மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப, இவ கைக்கும் அது நாலு முழம் ஆகிற வரைக்கும் படிக்கட்டும்.”