லிஃப்டுக்குத் தெரிந்த இரண்டு திசை

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் இருந்த லிஃப்டுக்கு உலகத்தில் இரண்டே திசைதான் தெரியும். மேலே, கீழே. அதிலேயே அதற்குக் கொள்ளைப் பெருமை.

தினமும் காலையில் தேவகி டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருவார். கதவு திறந்ததும் லிஃப்ட் கைத்தடியைச் சீண்டும்.

"எதிர்ச் சந்துலேருந்து வர்றதுக்கா இப்படி மூச்சு வாங்குறே?"

"நடைபாதையில பைக்கும் டிரான்ஸ்பார்மரும்தான் நிக்குது. நாங்க பஸ்ஸை உரசிக்கிட்டு ரோட்டுல வர்றோம்பா" என்று கைத்தடி அலுத்துக்கொள்ளும்.

"அதான் என்கிட்ட வந்துட்டீங்களே! இனிமே என்ன கவலை?" என்று லிஃப்ட் சிரிக்கும்.

ஒரு நாள் வெளியே பிரேக் கிறீச்சிட்டது. ஜனங்கள் ஓடினார்கள். வெகு நேரம் கழித்துக் காவலாளி கைத்தடியை மட்டும் எடுத்துவந்து லிஃப்ட் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"டீச்சர் எங்கே?" என்று கேட்டது லிஃப்ட்.



"மேலே போயிட்டாங்க" என்றது கைத்தடி.

லிஃப்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் இங்கே குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். என்னை விட்டுட்டு எப்படிப் போனாங்க?"