இடது கைக் கத்தரி

“பச்சையா நெம்பினா உடைஞ்சிடும் மாப்ளே. முதல்ல வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் போடுங்க. அப்பதான் மேல் ஓடு இளகிக் கொடுக்கும்.”

அவன் கத்தியை வெந்நீரில் போட்டான். மனைவியின் அண்ணன் வீட்டுப் பின்னறை அது. மேசையில் விரித்த பழைய துணியின் மேல் அறுபது எழுபது மடக்குக் கத்திகள் கிடந்தன. எல்லாம் சிவப்பு ஓடு, எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கத்தி, ஒரு கத்தரி, ஒரு டின் திறப்பான், ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் இவற்றைப் பிரித்து, வேண்டாததை உருவி, வேண்டியதைப் பூட்டி, மரத்தில் புது ஓடு செய்து மாட்டுவார். பொழுதுபோக்கு. பதினோரு மாதமாக ஆபீஸ், வீடு, சுவர் என்று கிடந்தவனை இன்று கையோடு இழுத்து வந்திருந்தார்.

“பாலத்துக்குப் படம் போடுற ஆளு, கத்தியைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. அது கடிக்காது மாப்ளே, கெட்டியாப் பிடிங்க.”

“எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?”

“தூங்குறீங்களா?”

“இல்லை.”

“சாப்பிடுறீங்களா?”

“ஏதோ.”

“அதுக்குத்தான். கைக்கு வேலை இருந்தா மனசு கொஞ்ச நேரம் வாயை மூடும்.”

மனசு மூடவில்லை.

அன்றைக்கு மனைவியோடு ஒன்றுமில்லாத சண்டைதான். ஊதிப் பெரிதாக்கியது அவன். மாலையில் வீடு திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் சீட்டு இருந்தது. ‘அம்மாகிட்ட போறேன். இனிமே வரமாட்டேன்.’ ஒரு மணி நேரத்தில் போலீசிலிருந்து போன். விமான நிலையச் சாலையில் லாரி இடித்து டாக்ஸி மூன்று முறை உருண்டிருந்தது. டிரைவரும் பிழைக்கவில்லை, அவளும் பிழைக்கவில்லை. விமானம் ஏறும் முன்பே எமன் ஏறிவிட்டான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்த அன்று மாமியார் அவனைப் பார்த்துக் கேட்டார். “வேணாம்னு விட்டுட்டுக் கிளம்பினவதானே. நீங்க எதுக்கு அழறீங்க?”

அத்தோடு அழுகை நின்றது. செத்துப்போனவளுக்கு அழலாம். விட்டுப்போனவளுக்கு எந்த உரிமையில் அழுவது?

முதல் கத்தியின் ஓட்டை உடைத்தான். இரண்டாவதும் உடைந்தது. “உடையட்டும், உடையட்டும். நான் ஒன்பது உடைச்சேன்” என்றார் மச்சான். மூன்றாவது சொன்னபடி கேட்டது. நான்காவதை எடுத்துக் கத்தரியை நகத்தால் இழுத்தான்.

“இதுல கத்தரியைத் தலைகீழாப் பூட்டியிருக்காங்க மச்சான். எவனோ நம்மளை மாதிரி கத்துக்குட்டி.”

“குடுங்க பார்ப்போம்.”

மச்சான் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். கத்தியைத் திருப்பினார். பித்தளை ஆணியின் தலையைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

“தலைகீழா இல்லை. இடது கைக்காரிக்குப் பூட்டினது.”

அவன் கை நின்றது.

“நான் பண்ணினதுதான் மாப்ளே. கல்யாணமான மறு வருஷம் நீங்கதானே கேட்டீங்க. இந்த ஆணியை ஒரு பக்கம் கூடுதலா அடிச்சுத் தொலைச்சேன். பாருங்க, கோணல் அப்படியே இருக்கு.”

கடையில் விற்கும் எந்தக் கத்தரியும் அவள் கைக்குப் படிந்ததில்லை. இதை வாங்கி ஒரு நூலை வெட்டிப் பார்த்துவிட்டு, “முதல் தடவையா ஒரு பொருள் என் கட்சியில நிக்குது” என்று சிரித்தாள். அதன் பிறகு அவள் எங்கே போனாலும் அது கைப்பையில் இருக்கும். சண்டை நடந்த அன்று காலையில்கூட அதை எடுத்துத்தான் பால் பாக்கெட்டை வெட்டினாள்.

“அப்ப இதையும் தூக்கிப் போட்டுட்டுத்தான் போயிருக்கா” என்றான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “குப்பையில போட்டிருப்பா. பழைய இரும்புக்காரன் பொறுக்கியிருப்பான். அவன்கிட்ட இருந்து உங்ககிட்ட வந்திருக்கு.”

“மாப்ளே, கொஞ்சம் இருங்க…”

“பரவாயில்லை மச்சான். கோபத்துல எழுதின சீட்டா இருக்கும்னு ஒரு நப்பாசை இருந்தது. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். அதுவும் போச்சு. நல்லதுதான்.”

எழுந்தான். செருப்பைத் தேடினான். ஒரு கால் கிடைத்தது, மறு கால் கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு வாசலைப் பார்த்து நடந்தான்.

மச்சான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்தார். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிற கை அது. விடவில்லை.

“உக்காருங்க. இது இரும்புக்காரன்கிட்ட வாங்கினது இல்லை. ஏலத்துல எடுத்த மூட்டை.”

“என்ன ஏலம்?”

“விமான நிலையத்துல உள்ள போறவங்க பையைச் சோதிப்பாங்கல்ல. கத்தி இருந்தா வாங்கி வச்சுக்கிட்டுத்தான் ஆளை விடுவாங்க. அப்படிச் சேர்ந்ததையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டி விக்கிறாங்க.”

அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது. கத்தியைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே வரை போயிருக்கிறாள்; அப்படியானால் அன்று உருண்ட டாக்ஸி வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.