அமலியின் குரல்

காலை ஒன்பது இருபதுக்கு வீட்டில் நெட் போய்விட்டது. மகள் ஷெர்லினுக்குப் பத்து மணிக்கு நுழைவுத் தேர்வு. பதிவு செய்த வீட்டு இணைப்பிலிருந்துதான் எழுத வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

நெட் கம்பெனிக்குப் போன் போட்ட அப்பா சேவியர், இரண்டாவது நிமிஷமே "ஆள் அனுப்புவியா மாட்டியாடா?" என்று கத்தித் தொலைத்தான். புகார் வாங்கும் இயந்திரம், குரலை உயர்த்தியவரிடம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வேறு புகாரே வாங்காது என்பது அவனுக்குத் தெரியாததா? நாக்கில் சனி. ஷெர்லினுக்கோ புகார் சொல்ல வேண்டிய பதினெட்டு வயசு இன்னும் ஆகவில்லை. மிச்சம் அவன் மனைவி அமலி ஒருத்திதான்.

"நீயாவது பொறுமையா பேசு தாயே," என்று போனை நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் அமலி. அதே குரலில் நிறுத்தி நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளறையில் ஷெர்லின் 'இணைப்பு இல்லை' என்று காட்டிய திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பது ஐம்பது. அமலியின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. குரல் மட்டும் இம்மியும் நடுங்கவில்லை.

"நன்றி அமலி அம்மா," என்றது இயந்திரம். "உங்கள் பேச்சில் பதற்றமே இல்லை. ஆகவே இது அவசரமில்லாத புகாராகப் பதிவாகிறது. வியாழக்கிழமை ஆள் வருவார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அமலி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சேவியர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான்.