மூலைக்கல்

வடக்குப்பட்டில் மாரிமுத்து கட்டிய புது வீட்டின் வாசலில், மனை தன்னுடையது என்று பத்திரத்தோடு நின்றாள் வேல்விழி. அவள் கூட்டி வந்த சர்வேயர் கன்னியப்பன் அளந்து முடித்தார்.

"அம்மா சொல்றதுதான் சரி. மாடு கட்டறதுக்கு எவனோ மூலைக்கல்லப் புடுங்கித் தள்ளி நட்டுகீறான். வரிசை மொத்தமும் ஒரு மனை தள்ளிப் போச்சு."

மாரிமுத்து சர்வேயர் பக்கம் திரும்பினான். "அப்போ நான் வீடு கட்டுன செலவு?"

"அளக்காம கட்டிக்கினு காசு வேற கேப்பியா? ஒரு பைசா கெடைக்காது," என்றார் கன்னியப்பன்.

"அப்போ என் மனை எங்கதான் சார் இருக்கு?"

"பக்கத்துல."

"அதுலயும் வீடு இருக்கே. கம்பெனிப் பயலுவ வாடகைக்கு இருக்கானுவ. அது யாரு வீடு?"

கன்னியப்பன் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுதுதான்," என்றார். "தம்பி, கட்டினவனுக்கு எதுனா பாத்துக் குடுக்கணும் இல்ல?"